யூகான் கரை ராணுவ முகாம்: கிடங்கிலும் கணக்கிலும் தவிர்க்க வேண்டியவை

கனடாவின் கிளாண்டைக் பகுதியில் தங்கத்தைத் தேடி மக்கள் வடக்கே திரண்ட காலத்தில், 1899இல், அலாஸ்காவின் ஈகிள் ஊரை ஒட்டி அமெரிக்க ராணுவம் எக்பர்ட் கோட்டையை நிறுவியது. சியாட்டிலில் ஏற்றிய சரக்கு கடல்வழியே, யூகான் முகத்துவாரத்தை அடுத்த செயின்ட் மைக்கேல் துறைமுகத்துக்கு வந்து, நீராவிப் படகுகளில் யூகான் ஆற்றை எதிர்த்து ஏறி அங்கே சேர வேண்டும். ஆறு உறைந்துவிட்டால் மே மாதம் வரை படகு கிடையாது.

ஆகவே, இருப்பு குறைந்த பிறகு தேவைப்பட்டியல் எழுதுவது இங்கே பெருந்தவறு. மாவு, பீன்ஸ், கம்பளி உடை என முழுக் குளிர்காலத்துக்கும் உரியதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

மனிதருக்குக் கணக்கிட்டு விலங்குகளை மறப்பது அதைவிடக் கொடியது. கிளாண்டைக் தங்கம் தேடியோர் குவிந்திருந்த டாசன் நகரில் பஞ்சம் என்ற செய்தி பரவியதும், 1897 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் நிவாரணத்துக்கு 2 லட்சம் டாலர் ஒதுக்கியது. அங்கே உணவு சுமந்து செல்ல, நார்வேயில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கலைமான்கள் வாங்கப்பட்டன. அட்லாண்டிக்கையும் அமெரிக்காவையும் கடந்து வந்த அவற்றுக்குப் பாசித் தீவனம் போதவில்லை. சியாட்டில் புல் அவற்றின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலானவை பட்டினியால் மடிந்தன. உணவு சுமக்க வந்த உயிர்கள் உணவின்றிச் செத்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். எக்பர்ட் கோட்டையில் கோவேறு கழுதைகளுக்குப் பெரிய லாயமும் தானியக் கிடங்கும் கட்டினார்கள். அந்த லாயம் இன்றும் நிற்கிறது.

கோடையில் நிலவழியாகச் சுமை அனுப்புவதும் தவறுதான். சேற்றில் விலங்குகள் புதையும். 1901இல் தந்திக் கம்பி அமைக்க வந்த லெப்டினன்ட் பில்லி மிட்செல், உறைந்த தரையில் குளிர்காலத்திலேயே சாமான்களை இழுத்துச் சென்று வழிநெடுகச் சேமித்துவைத்தார். 1902இல் ஈகிளும் அலாஸ்காவின் தென்கரைத் துறைமுகமான வால்டெஸும் தந்தியால் இணைந்தன.

இனி ஆவணங்கள். எண்ணிப் பார்க்காமல் ரசீதில் கையெழுத்திடக் கூடாது. அக்கால விதிப்படி அரசுப் பொருளுக்கு அதிகாரியே பொறுப்பு. நியாயமான காரணம் காட்டாத குறைவு அவர் சம்பளத்தில் பிடிக்கப்படலாம். நனைந்த மூட்டை, உடைந்த பெட்டி எதுவானாலும், படகு கரையில் நிற்கும்போதே குறித்துவைத்து, விசாரணைக் குழுவின் முன் பதிவு செய்வதே பாதுகாப்பு. கிடங்குப் பொறுப்பு கைமாறும்போதும் அப்படியே: பழைய அதிகாரி ஊரில் இருக்கும்போதே இருவரும் சேர்ந்து எண்ணிவிட வேண்டும். அவர் கடைசிப் படகில் போய்விட்டால், விடுபட்ட ஒரு கையெழுத்துக்காகப் புதியவர் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.