பியூரிட்டன் ஆவணங்களை வாசிப்பது எப்படி

இங்கிலாந்துத் திருச்சபை போதிய அளவு தூய்மையாகவில்லை என்று கருதிய கிறிஸ்தவர்களே பியூரிட்டன்கள். 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்தில் குடியேறிய அவர்கள் ஓயாமல் எழுதியவர்கள். நாட்குறிப்பு, பிரசங்கக் குறிப்பு, சபைப் பதிவேடு, நீதிமன்றப் பதிவு, உயில், இறந்தவரின் சொத்துப் பட்டியல் என்று அவர்கள் விட்டுச்சென்றவற்றில் பெரும்பகுதி இன்று அச்சுப்படியாகவும் ஒளிவருடிய படமாகவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவர்களுடைய நம்பிக்கையையும் அன்றாட வாழ்க்கையையும் பற்றி எழுத விரும்புபவர், பிறர் எழுதிய சுருக்கங்களை நம்புவதைவிட அந்த மூலங்களையே ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. ஆனால் பழக்கமான ஆங்கிலம் போலவே தோன்றும் அந்த எழுத்து, கவனமில்லாத வாசகரை ஒவ்வொரு பக்கத்திலும் வழுக்கிவிடும். அப்படி வழுக்காமல் வாசிப்பதற்கான வரிசை ஒன்றை இங்கே தருகிறேன்.

ஆவணத்தை எடுத்ததும் அது எந்தக் குடியேற்றத்தைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள். 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்து பிளைமவுத்தில் இறங்கியவர்களில் சமய நோக்கத்தோடு வந்தவர்கள், இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து அறவே பிரிந்துவிட்டவர்கள். 1630இல் ஜான் வின்த்ரோப்பின் தலைமையில் மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்த பெருங்கூட்டமோ, அந்தத் திருச்சபையை உள்ளிருந்தே தூய்மைப்படுத்த நினைத்தது. மாசசூசெட்ஸில் 1631 முதல் சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்ற விதி இருந்தது. பிளைமவுத்தில் அப்படி ஒரு விதி அப்போது இல்லை. 1691ஆம் ஆண்டின் புதிய பட்டயம்தான் இரண்டையும் ஒன்றாக்கியது. மாசசூசெட்ஸிலிருந்து துரத்தப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636இல் பிராவிடன்ஸ் என்ற ஊரை நிறுவி, மனச்சாட்சி விஷயத்தில் அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கையோடு அதை நடத்தினார். ஆகவே ஓர் ஊரின் பதிவேட்டைப் படித்துவிட்டு, “பியூரிட்டன்கள் இவ்வாறு வாழ்ந்தார்கள்” என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள்.

அடுத்து தேதி. பெரும்பாலான பிழைகள் பிறக்கும் இடம் இதுவே. அக்கால ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். அவர்களுடைய சட்டபூர்வமான ஆண்டு மார்ச் 25ஆம் தேதி தொடங்கியது. எனவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத்தின் பெரும்பகுதி ஆகியவை முந்தைய ஆண்டின் கணக்கிலேயே எழுதப்பட்டன. மாசசூசெட்ஸின் சேலம் ஊரில், சூனியம் செய்ததாகப் பலர்மீது நடந்த வழக்கின் முதல் கைதாணைகள் நம் கணக்கில் 1692 பிப்ரவரி 29 அன்று எழுதப்பட்டவை. மூலத்தில் ஆண்டு 1691/2 என்று இரட்டையாக இருக்கும். சாய்கோடு இல்லாமல் பழைய ஆண்டு மட்டும் இருந்தால், திருத்தும் பொறுப்பு வாசகருடையது. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேல், பாஸ்டனில் 1649 ஏப்ரலில் பிறந்தவர். சில வாரங்கள் முன்னதாகப் பிறந்திருந்தால், அதே பிறப்பு 1648 என்று பதிவாகியிருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாதங்களுக்கும் கிழமைகளுக்கும் உள்ள வழக்கமான பெயர்கள் புறச்சமயத் தெய்வங்களிடமிருந்து வந்தவை என்று கருதிய பலர், அவற்றைத் தவிர்த்து எண்களால் எழுதினார்கள். மார்ச் முதல் மாதம். ஆகவே பிப்ரவரி பன்னிரண்டாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடைய நாள் அல்லது முதல் நாள். பத்தாம் மாதம் என்று கண்டால் அக்டோபர் என்று எழுதிவிடாமல் டிசம்பர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாணயமும் இப்படி ஏமாற்றும். 1652இல் பாஸ்டனில் ஜான் ஹல் தொடங்கிய நாணயச்சாலையின் பைன் மரம் பொறித்த சில்லிங் நாணயங்கள், பிற்பாடு பல ஆண்டுகள் கழித்து அடிக்கப்பட்டிருந்தாலும், 1652 என்ற ஆண்டையே தாங்கியிருக்கும்.

பிறகு சொற்களுக்கு வாருங்கள். கையெழுத்துப் படியைவிட அச்சில் வந்த படியிலிருந்து தொடங்குவது எளிது. அதிலும் ‘யி’ என்று வாசிக்கத் தோன்றும் எழுத்துக்கூட்டு உண்மையில் ‘தி’ என்ற சுட்டுச்சொல்லே. அங்குள்ள ஒய் என்ற ஆங்கில எழுத்து, முற்காலத்தில் ‘த’ ஒலியைக் குறித்த ஓர் எழுத்தின் மாற்றுவடிவம். எழுத்தைவிடப் பொருள்தான் அதிகம் ஏமாற்றும். ‘கார்ன்’ என்றால் பொதுவாகத் தானியம். மக்காச்சோளத்துக்கு ‘இண்டியன் கார்ன்’ என்று எழுதினார்கள். ‘ஃபேமிலி’ என்பதில் வேலைக்காரர்களும் அடக்கம். ‘புரொஃபெசர்’ பேராசிரியர் அல்லர், விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டவர். ‘சேட் கலர்’ துக்க நிறம் அன்று. பழுப்பு, கருஞ்சிவப்பு, அடர்பச்சை போன்ற அடங்கிய நிறம். தலைமுதல் கால்வரை கறுப்பு உடுத்திய பியூரிட்டன் என்னும் படம் பிற்கால ஓவியர்கள் தந்தது. நல்ல கறுப்புச் சாயம் விலை மிகுந்தது என்பதால், பெரும்பாலும் வசதி படைத்தவர்களே அதைச் சடங்கு நாட்களில் உடுத்தினார்கள்.

பெயருக்கு முன்னால் வரும் பட்டத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ‘மிஸ்டர்’ என்பது அன்று எல்லோருக்கும் உரியதன்று. கனவான்களுக்கும் போதகர்களுக்கும் மட்டுமே. சாதாரண குடியானவர் ‘குட்மன்’, அவர் மனைவி ‘குட்வைஃப்’, சுருக்கமாக ‘குடி’. 1631இல் ஜோசையஸ் பிளாஸ்டோ என்பவர் பூர்வகுடி மக்களிடமிருந்து நான்கு கூடைத் தானியத்தைத் திருடினார். எட்டுக் கூடையாகத் திருப்பித் தர வேண்டும், 5 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும், இனி அவரை ‘மிஸ்டர்’ என்று அழைக்காமல் வெறுமனே ஜோசையஸ் என்றே அழைக்க வேண்டும் என்று மாசசூசெட்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று தண்டனைகளில் எது அவரை அதிகம் உறுத்தியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி நம்பிக்கை. எந்த நிகழ்ச்சியும் தற்செயலன்று, ஒவ்வொன்றிலும் தெய்வத்தின் கை இருக்கிறது என்பது அவர்கள் உறுதி. அதனால் நாட்குறிப்பில் வரும் மழை, தீ, காய்ச்சல், கப்பல் வருகை எதுவும் வெறும் செய்தியாக நிற்பதில்லை. 1640 டிசம்பரில் வின்த்ரோப் எழுதிய ஒரு குறிப்பு இதற்கு அழகான சான்று. அவர் மகனுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருந்தன. அவை தானியம் வைத்திருந்த அறையில் கிடந்தன. அவற்றுள் ஒன்றில் கிரேக்கப் புதிய ஏற்பாடு, சங்கீதங்கள், பியூரிட்டன்கள் ஏற்காத, இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகம் ஆகிய மூன்றும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. எலிகள் ஜெபப் புத்தகத்தை மட்டும் ஏடு விடாமல் தின்றுவிட்டு, மற்ற இரண்டையும் தொடவே இல்லை. எலிக்கும் திருச்சபைச் சீர்திருத்தத்தில் பங்கு கிடைத்துவிட்டது என்று நாம் சிரிக்கலாம். வின்த்ரோப் சிரிப்பதற்காக எழுதவில்லை. இப்படிப்பட்ட குறிப்பைக் கண்டால், என்ன நடந்தது என்பதையும் எழுதியவர் அதில் என்ன கண்டார் என்பதையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது ஒரு வீட்டில் புத்தகமும் தானியமும் ஒரே அறையில் இருந்தன என்ற அன்றாட உண்மையைத் தருகிறது. இரண்டாவது சமயத்தைத் தருகிறது.

இந்த நோக்கு துயரத்தில் கடுமையாகத் திரும்பும். சேலம் வழக்குகளில் 19 பேரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவால், 1696இல் தன் குழந்தைகளை இழந்தபோது அந்த அடிகளைத் தன் தீர்ப்போடு சேர்த்துப் பார்த்தார். 1697 ஜனவரியில் நாடெங்கும் அறிவிக்கப்பட்ட உபவாச நாளன்று, தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சீட்டைப் போதகரிடம் தந்து, அது சபையில் வாசிக்கப்படும்வரை தன் இடத்தில் எழுந்து நின்றார். எலியில் தெய்வத்தைக் கண்ட அதே மனம்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

தற்பழியை வாசிக்கும்போது இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். “நான் அருவருப்பானவன், என் இருதயம் கல்” என்ற வகையான வரிகள் பக்கம்தோறும் வரும். எழுதியவர் ஏதோ கொடுங்குற்றம் செய்தார் என்றோ மனநலம் குன்றியவர் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்கள் நம்பிக்கையின்படி, யார் இரட்சிக்கப்படுவார் என்பது உலகம் உண்டாவதற்கு முன்பே தெய்வத்தால் முன்குறிக்கப்பட்டது. நற்செயலால் அதைச் சம்பாதிக்க முடியாது. கிருபையின் அடையாளம் தனக்குள் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க மட்டுமே முடியும். தன் பாவத்தை உணர்ந்து நடுங்குவதே அந்த அடையாளங்களில் முதலாவது. தான் இரட்சிக்கப்பட்டவன் என்று துளியும் ஐயமின்றிச் சொல்பவனையே சபை சந்தேகத்தோடு பார்த்தது. ஆகவே அந்த இருண்ட வரிகள் நம்பிக்கையிழப்பின் குரலல்ல. பெரும்பாலும் நம்பிக்கையைத் தேடுவதற்கான பயிற்சி.

சபையில் முழு உறுப்பினராக விரும்பியவர் இந்தத் தேடலைப் பிறர் முன் எடுத்துரைக்கவும் வேண்டியிருந்தது. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் ஊர்ச் சபையின் போதகர் தாமஸ் ஷெப்பர்ட் அப்படிப்பட்ட சுமார் 50 பேரின் வாக்குமூலங்களைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பணிப்பெண்களின் குரல் நேரடியாகக் கேட்கும் அரிய இடம் அது என்பதால், நாட்குறிப்பை அடுத்து இதையே படிக்கச் சொல்வேன். பிள்ளைகளின் தலைமுறையில் இத்தகைய அனுபவத்தைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துபோனார்கள். உறுப்பினராகாத அவர்களுடைய குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று 1662இல் போதகர்கள் கூடி முடிவுசெய்ததற்கு அதுவே காரணம்.

சட்டப் புத்தகத்தைப் படிக்கும்போது வேறு ஒரு விதி. சட்டம் மக்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. ஆள்பவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதைச் சொல்கிறது. பெற்றோருக்கு அடங்காத 16 வயது கடந்த மகனுக்கு மரண தண்டனை என்று 1646இல் மாசசூசெட்ஸ் சட்டம் செய்தது. அதன்படி யாரும் தூக்கிலிடப்படவில்லை. 200 பவுண்டுக்குக் குறைவான சொத்துள்ளவர்கள் பொன், வெள்ளிச் சரிகை அணியக் கூடாது என்று 1651இல் விதித்ததிலிருந்து, அவர்கள் அணிந்துகொண்டுதான் இருந்தார்கள் என்று நாம் ஊகிக்கலாம். கிறிஸ்துமஸைக் கொண்டாடினால் 5 சில்லிங் அபராதம் என்ற 1659ஆம் ஆண்டுச் சட்டம் 1681இல் நீக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1685 டிசம்பர் 25 அன்று, வண்டிகள் வழக்கம்போல் ஊருக்குள் வந்தன, கடைகள் திறந்திருந்தன என்று சூவால் நாட்குறிப்பில் எழுதுகிறார். அந்த ‘வழக்கம்போல்’ என்ற சொல்லில் இருக்கும் நிம்மதியும் பதற்றமும் சட்டப் புத்தகத்தில் கிடைக்காதவை.

வீட்டு வாழ்க்கைக்கு மிகச் சிறந்த மூலம் சொத்துப் பட்டியல். ஒருவர் இறந்ததும் அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் வீட்டுக்கு வந்து, அறை அறையாக நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் விலையிட்டு எழுதினார்கள். 12 பென்ஸ் ஒரு சில்லிங், 20 சில்லிங் ஒரு பவுண்டு. ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு அவர்களோடு நீங்களும் நடங்கள். ‘ஹால்’ என்பது அடுப்பு எரியும், சமைக்கும், உண்ணும் அறை. ‘பார்லர்’ நல்ல கட்டில் கிடக்கும் அறை. ‘சேம்பர்’ மாடியறை, அங்கே பெரும்பாலும் தானியமும் கம்பளியும் இருக்கும். பட்டியலில் விலை மிகுந்த பொருள் அடிக்கடி கட்டிலாகவே இருக்கும்; ‘கட்டிலும் அதன் ஃபர்னிச்சரும்’ என்றால் மெத்தை, போர்வை, திரைச்சீலை. வெண்கலக் கெண்டி, இரும்புப் பானை, நூற்கும் ராட்டை, மரத்தட்டு, கரண்டி எல்லாம் வரும். முள்கரண்டி அரிதாகவே வரும். வேதாகமம் பல வீடுகளில் இருக்கும். பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத் தருவது குடும்பத் தலைவரின் கடமை என்று 1642லேயே சட்டம் வந்துவிட்டது. 50 வீடுகள் உள்ள ஊர் ஆசிரியர் ஒருவரை வைக்க வேண்டும் என்று 1647இல் இன்னொன்று. பீரும் ஆப்பிள் சாறு புளித்த சைடரும் வைக்கும் பீப்பாய்களைக் கண்டு வியக்க வேண்டாம். குடியை அவர்கள் தெய்வம் தந்த நல்ல பொருளாகவே கருதினார்கள்; கண்டித்தது குடிவெறியை.

பட்டியலில் இல்லாததையும் தேடுங்கள். மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து இல்லாததால், பெண்களின் பட்டியல்கள் பெரும்பாலும் கைம்பெண்களுடையவையே. வெண்ணெய், பாலாடைக்கட்டி, நூல், மருந்துச் செடி என்று அவர்கள் உழைப்பால் விளைந்தவை கணவரின் பெயரில் எண்ணப்பட்டிருக்கும்.

நாட்குறிப்பின் வாரத்தைப் புரிந்துகொள்ள, ஓய்வுநாள் சனிக்கிழமை மாலையே தொடங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஞாயிறன்று காலையும் பிற்பகலும் கணப்பு இல்லாத கூடத்தில் நீண்ட பிரசங்கம் நடக்கும். யார் எந்த இருக்கையில் அமர்வது என்பதை ஊர்க்குழு வயது, செல்வம், மதிப்பு பார்த்து ஒதுக்கும். இருக்கை ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒன்று கையில் கிடைத்தால், அந்த ஊரின் ஏற்றத்தாழ்வை ஒரே பார்வையில் கண்டுவிடலாம்.

கடைசியாக, ஒரு வரிக்குள் யார் யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ‘சர்வன்ட்’ என்ற சொல் ஒப்பந்தக் கூலியையும் குறிக்கும், அடிமையையும் குறிக்கும். 1641ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் சட்டத் தொகுப்பு, அடிமைத்தனம் கூடாது என்று தொடங்கி, நியாயமான போரில் பிடிபட்டவர்களும் விற்கப்பட்டவர்களும் அதற்கு விலக்கு என்று முடிகிறது. பீகுவாட் என்னும் பூர்வகுடி மக்கள்மீது 1637இல் நடத்திய போரில் பிடிபட்டவர்களில் சிலரை டிசையர் என்ற கப்பலில் ஏற்றிக் கரீபியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். அந்தக் கப்பல் திரும்பி வந்த செய்தியை வின்த்ரோப் 1637/8 பிப்ரவரியில், அதாவது நம் கணக்கில் 1638இல், குறித்துவைத்தார். அது கொண்டுவந்தவற்றைப் பருத்தி, புகையிலை, நீக்ரோக்கள், உப்பு என்ற வரிசையில் எழுதியிருக்கிறார். எலிக்கு ஒரு பத்தி ஒதுக்கிய கை, இங்கே விளக்கமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.