கரண்ட் போய் வந்த பிறகு உபுண்டு கறுப்புத் திரையில் நின்றுவிட்டதா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மரம் சாய்ந்து கம்பி அறுந்து கரண்ட் போய்ப் போய் வரும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் வைத்திருந்தால், ஒருநாள் கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற வரி மட்டும் வந்து நிற்கும். போன மழையில் எனக்கும் நின்றது. உடனே மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். பெரும்பாலும் உங்கள் கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கும்.

டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், எந்தக் கோப்பு எங்கே என்ற கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது. உபுண்டு கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையான இஎக்ஸ்டி4, தன் ஜர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை) பார்த்துப் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். முடியாதபோதுதான் இப்படி நின்று நம்மைக் கூப்பிடுகிறது.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து.

முதலில் 'எக்ஸிட்' என்று தட்டி என்டர் அழுத்துங்கள். பலர் தவறவிடும் படி இதுதான். வெளியேறுவதற்குப் பதில், எந்தப் பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் எந்தப் பகுதியில்) கோளாறு என்று திரையே சொல்லும்: '/டெவ்/எஸ்டிஏ2' என்பதுபோல. என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிஸ்க் என்றால் பெயர் நீளமாக, கடைசியில் 'பி2' என்று இருக்கும். அதை அப்படியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வரவில்லையா? 'பிஎல்கேஐடி' என்று தட்டி, இஎக்ஸ்டி4 என்று காட்டும் வரியைப் பாருங்கள்.

அப்புறம் இது ('/டெவ்/எஸ்டிஏ2' இடத்தில் நீங்கள் எழுதிக்கொண்ட பெயரைப் போடுங்கள்):

எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2

நடுவில் இரண்டு இடங்களிலும் இடைவெளி வேண்டும். '-ஒய்' போடாவிட்டால் ஒவ்வொரு பிழைக்கும் சரிசெய்யவா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படி மாட்டிக்கொண்டால் 'ஏ' அழுத்துங்கள், மீதி எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் டிஸ்க்கில் டிக் டிக் சத்தமோ, திரையில் 'ஐ/ஓ எரர்' என்ற வரிகளோ வந்தால் இந்தக் கட்டளை வேண்டவே வேண்டாம். அது சாகிற டிஸ்க். லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே உபுண்டு ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுங்கள்.

முடிந்ததும் 'ரீபூட்'. உள்ளே வந்ததும் ஏதாவது கோப்பு காணவில்லை என்றால் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' ஃபோல்டரில் தேடுங்கள். பெயரில்லாமல் எண்ணாக இருக்கும். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போயிருந்தால் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' ஒருமுறை ஓட்டுங்கள்.

மலையில் இருப்பவர்கள் ரேம் கூட்டுவதற்கு முன் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள் என்பேன். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்ப வேண்டாம். சிலவற்றில் கரண்ட் மாறும் அந்த நொடியிலேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

பின்சேர்க்கை: ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டுவின் டெர்மினலிலேயே இதைச் செய்ததாகவும், பார்ட்டிஷன் மவுண்ட் ஆகியிருக்கிறது (அதாவது பயன்பாட்டில் இருக்கிறது) என்று மறுத்துவிட்டதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். அந்த மறுப்பு நல்லதற்குத்தான். மவுண்ட் ஆன பார்ட்டிஷனைத் திருத்தினால் இருப்பதும் கெடும். லைவ் பென்டிரைவிலிருந்து செய்யுங்கள்.

கொடைக்கானலிலிருந்து ஃபெடோராவுக்கும் (இன்னொரு லினக்ஸ்) இதே வழிதானா என்று கேட்டவருக்கு: ஃபெடோரா 33 முதல், அதாவது 2020 முதல், அதன் வொர்க்ஸ்டேஷன் பதிப்பு வழக்கமாக இஎக்ஸ்டி4-க்குப் பதில் பிட்டிஆர்எஃப்எஸ் என்ற வேறு முறையைப் போடுகிறது. அதற்கு இந்த வழி பொருந்தாது. அதன் '--ரிப்பேர்' கட்டளையையும் எடுத்தவுடன் ஓட்டாதீர்கள், முதலில் டேட்டாவை நகலெடுத்துவிடுங்கள்.