தெளிந்த ஓடையில் பொடி மீன் பிடிக்க

பெங்களூர் பீன்யாவில் ஒரு டூல் ரூமில் வேலை எனக்கு. வாரம் முழுக்க மைக்ரோமீட்டர், டயல் கேஜ் என்று நுணுக்கமாக அளப்பதுதான். அந்தப் பழக்கமோ என்னவோ, ஆளுயர மீனைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஆசை எனக்கு வந்ததே இல்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிகிற தண்ணீரில், தையல் நூலைவிட மெல்லிய தூண்டில் நரம்பில், ஒரு சாண் கெண்டையைப் பிடிப்பதுதான் எனக்கு ருசி. எங்கள் ஸ்ரீராமபுரம் தெருவில் இரண்டு பையன்கள் அல்ட்ராலைட் ராடு, அதாவது மிக லேசான தூண்டில் கம்பு, வாங்கிக்கொண்டு போய், "மீன் கண்ணுக்குத் தெரியுதுண்ணா, ஆனா கிட்டயே வரமாட்டேங்குது" என்று திரும்பி வந்தார்கள். மீன் உங்களுக்குத் தெரிகிறது என்றால் நீங்களும் மீனுக்குத் தெரிகிறீர்கள். கோளாறு ராடில் இல்லை.

தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒளி தண்ணீரில் நுழையும்போது வளைவதால் இப்படி. மீனின் கண்ணிலிருந்து அந்த வட்டம் சுமார் 97 டிகிரி விரிந்திருக்கும். இரண்டடி ஆழத்தில் நிற்கிற மீனுக்கு வட்டத்தின் விட்டம் நாலரை அடி. ஓரடி ஆழத்தில் நின்றால் அதில் பாதி. வட்டத்துக்கு வெளியே தெரிவதெல்லாம் ஓடைத் தரையின் பிம்பம்தான். கரையில் நிற்கும் ஆள் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கிப்போய்த் தெரிவான். தண்ணீர் மட்டத்திலிருந்து 10 டிகிரிக்குள் அடங்கிய பொருள் அநேகமாக மீனின் கவனத்துக்கு வராது என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். 30 அடி தள்ளி நின்றால் 5 அடி உயரம் வரை பரவாயில்லை. 15 அடிக்குள் வந்துவிட்டால் இரண்டரை அடிதான், அதாவது உட்கார வேண்டும். இந்த உயரம் தண்ணீரிலிருந்து அளப்பது. மூன்றடி மேட்டுக் கரையில் நின்றால் அந்த மூன்றடியும் உங்கள் கணக்கில்தான் சேரும். பையன்கள் இரண்டு பேரும் பாலத்துச் சுவரில் ஏறி நின்றுகொண்டு வீசியிருக்கிறார்கள்.

லேசான கருவி எதற்கு என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. சின்ன மீனுக்குச் சின்ன கம்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பாதி உண்மை. இரண்டு கிராம் எடையை முப்பது நாற்பது அடி தள்ளி, சத்தமில்லாமல் தண்ணீரில் இறக்க வேண்டும். கனமான நரம்பு வைத்தால் அந்த எடை பத்தடிகூடப் போகாது. பத்தடிக்குள் நீங்கள் போனால் மீன் இருக்காது.

ஓடை மீன் நீரோட்டத்தை எதிர்த்து, மேல்பக்கம் பார்த்துத்தான் நிற்கும். இரை அங்கிருந்துதான் வரும். அதனால் கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே போங்கள். முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறவனை மீன் லேசில் பார்க்காது. சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே இருந்தால் கண் கூசும், ஆனால் நிழல் பின்னால் விழும். வெள்ளைத் தொப்பி வேண்டாம், பழைய காக்கிச் சட்டை போதும். இறங்கி நடக்காமல் முடிந்தவரை கரையிலேயே நில்லுங்கள். மீனுக்கு உடம்பின் பக்கவாட்டில் அதிர்வை உணரும் கோடு இருக்கிறது. ஒரு கல் புரண்டால் அந்தக் குழி முழுவதும் காலி. பேசுவதைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை, காற்றில் எழும் சத்தம் தண்ணீருக்குள் அதிகம் இறங்காது. காலடிதான் எதிரி.

சரி, இப்போது கடைக்குப் போகலாம். ராடு ஐந்து முதல் ஆறடி. அதன் மேல், வீசக்கூடிய எடை 1 முதல் 5 கிராம் வரை என்று போட்டிருக்கும். நம்பாதீர்கள். நான் ஒரு புது ஒரு ரூபாய்க் காசைக் கொண்டுபோவேன், அது சுமார் 3 கிராம். நுனியில் செல்லோடேப் போட்டு ஒட்டி ராடைப் படுக்கையாகப் பிடித்தால் நுனி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளைய வேண்டும். விறைப்பாக நின்றால் கீழே வைத்துவிடுங்கள். வீசும்போது எடையை எறிவது உங்கள் கையல்ல, வளைந்த நுனிதான்.

ரீல் 500 அல்லது 1000 அளவு ஸ்பின்னிங். நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலின் விளிம்புக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நரம்பு நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால் விளிம்பில் உரசி வீச்சு சுருங்கும், மிஞ்சினால் சுருள் சுருளாகக் கழன்று சிக்காகும்.

நரம்பில்தான் காசு செலவழிக்கச் சொல்வேன், ராடில் அல்ல. நான்கு பவுண்டு நைலான் என்றால் தடிமன் 0.165 மில்லிமீட்டர் சுற்றி இருக்க வேண்டும், மூன்று பவுண்டு 0.15. மலிவு தங்கூஸ் ஒன்றை வாங்கி வந்து மைக்ரோமீட்டரில் பிடித்தேன். உறையில் 0.14, கையில் 0.18. அவர்கள் சொன்ன எடையை அது தாங்கத்தான் தாங்கும், ஏன் தாங்காது? குறுக்குவெட்டுப் பரப்பு தடிமனின் வர்க்கத்தில் ஏறும், அதாவது சொன்னதைவிட 65 சதவீதம் அதிக நைலான் உள்ளே இருக்கிறது. இழுக்கும்போது தகடு சுழலும் பொய் இரைதான் ஸ்பின்னர், இரண்டு கிராம் ஸ்பின்னருக்கு அந்தப் பாரம் ஆகாது. மைக்ரோமீட்டர் இல்லாதவர்கள் ஒரு பென்சிலில் நெருக்கமாக ஐம்பது சுற்று சுற்றி, அகலத்தை ஸ்கேலில் அளந்து ஐம்பதால் வகுத்துக்கொள்ளலாம். 8 மில்லிமீட்டர் வந்தால் தடிமன் 0.16.

பின்னல் நரம்பான பிரெய்டு போடலாமா என்று கேட்பார்கள். இன்னும் தூரம் போகும், ஆனால் கண்ணுக்குத் தெரியும், மிதக்கும், நீளவே நீளாது. போட்டால் நுனியில் நான்கைந்து அடி ஃப்ளோரோகார்பன் நரம்பு கட்டாயம். ஃப்ளோரோகார்பனின் ஒளிவிலகல் எண் 1.42, நைலான் 1.53, தண்ணீர் 1.33. தண்ணீருக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவோ அதுதான் குறைவாகத் தெரியும். ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் வெறும் நைலானையே சொல்வேன். கொஞ்சம் நீளும் குணம் இருப்பதால், பதற்றத்தில் வெடுக்கென்று இழுத்தாலும் மன்னிக்கும். முடிச்சை எச்சிலில் நனைத்துவிட்டு இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உரசும் சூட்டில் அந்த இடமே பலவீனமாகிவிடும்.

மீன் இழுக்கும்போது ஸ்பூலை வழுக்கிச் சுற்றவிடும் பிடிமானம்தான் டிராக். அது எவ்வளவு என்பதைக் கையால் இழுத்துப் பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவராது. ஸ்பிரிங் தராசில் நரம்பைக் கட்டி இழுங்கள். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு வந்ததும் ஸ்பூல் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். நான்கு பவுண்டு என்றால் 1.8 கிலோ, அதில் கால் பங்கு 450 கிராம்.

இரையாகப் போடுவதற்கு மூன்றே மூன்று போதும். 00 நம்பர் ஸ்பின்னர் ஒன்று. கரண்டி மாதிரி வளைந்த தகடான இரண்டு கிராம் ஸ்பூன் ஒன்று. அப்புறம் ஒரு கிராமுக்கும் குறைவான குட்டி ஜிக், அதாவது தலையில் எடை வைத்த முள், அதை ஒரு சின்னத் தக்கைக்குக் கீழே ஒன்றரை அடியில் தொங்கவிட. அமெரிக்காவில் புளூகில், கிராப்பி மீன்களுக்கு இந்தத் தக்கை ஜிக்தான் வழக்கம். நம் கெண்டைகளும் இதை வேண்டாம் என்பதில்லை. ஸ்பின்னரோடு மூன்று முள் கொத்தாக வரும். அதைக் கழற்றி ஒற்றை முள் போடுங்கள், நுனிக்கு உள்பக்கம் துருத்தும் கொக்கியை நோஸ் பிளேயரால் நசுக்குங்கள். விரல் நீள மீனின் வாயில் மூன்று முள் ஏறினால் வாயே மிஞ்சாது. ஸ்பின்னர் நரம்பை முறுக்கும், அதனால் ஒன்றரை அடி மேலே சுழலும் இணைப்பான குட்டி சுவிவல் ஒன்று வையுங்கள்.

மண்புழு வைத்தால் குற்றமா என்றால், இல்லவே இல்லை. 14ஆம் நம்பர் முள்ளில் ஒரு நகத்தளவு புழு, நாலு விரல் மேலே கடுகளவு ஈயம், அவ்வளவுதான். மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் சாயங்காலம் அமைந்தால் மற்றதையெல்லாம் பெட்டியில் போட்டுவிட்டு ஈசலையே குத்துங்கள்.

எங்கே வீசுவது? வேகமான நீரும் மெதுவான நீரும் உரசுகிற கோட்டில். பாறைக்குப் பின்னால் மட்டுமல்ல, முன்னாலும் தண்ணீர் தேங்கி ஒரு மெத்தை இருக்கும், அங்கேயும் மீன் நிற்கும். மரக்கிளை தாழ்ந்து நிழல் விழும் இடம், வெட்டுண்ட கரையின் அடி. மீன் மேலேயே வீசாதீர்கள். இரண்டு மூன்றடி மேல்பக்கம் விழவைத்து, ஓட்டத்தோடு கீழே வரவிடுங்கள். நரம்பு வளைந்து ஸ்பின்னரையோ தக்கையையோ ஓட்டத்தைவிட வேகமாக இழுத்தால் மீன் ஒதுங்கிவிடும், ராடு நுனியைத் தூக்கி நரம்பைத் தண்ணீரிலிருந்து விலக்குங்கள். கீழ்ப்பக்கக் குழியிலிருந்து ஆரம்பித்து ஒரு குழிக்கு ஐந்தாறு வீச்சு. கடிக்கவில்லையென்றால் அடுத்தது. கடித்ததும் வெடுக்கென்று இழுக்க வேண்டியதில்லை, மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் மெல்லிய முள் தானாக ஏறிவிடும்.

என்ன சிக்கும்? பல ஜாதிக் கெண்டைகள், பக்கவாட்டில் நீலமும் மஞ்சளும் கோடு போட்ட டேனியோ, கல்லிடுக்கில் குறவை. பாறையில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் மீன்கள் ஸ்பின்னரைத் திரும்பிக்கூடப் பார்க்காது, அவற்றின் மேல் நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரிய செதில், தடித்த உதடு, இரண்டு ஜோடி மீசையோடு ஒன்று வந்தால் அது மஹ்சீர் குஞ்சு. கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்தே முள்ளை எடுத்து விட்டுவிடுங்கள். காவிரிப் படுகையில் மட்டுமே உள்ள திமில் மஹ்சீரை 2018-ல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவித்தார்கள்.

இடத்தைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம், பெங்களூரில் இருந்துகொண்டு தெளிந்த ஓடை என்று கேட்டால் சிரிப்பார்கள். கனகபுரா பக்கம் விருஷபாவதி வந்து கலந்தபிறகு அர்க்காவதியில் சாக்கடைதான் ஓடுகிறது. அது காவிரியில் சேரும் சங்கமா பக்கம் ஆறு அழகுதான், ஆனால் அது காவிரி வனவிலங்கு சரணாலயம், ராடைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. குடகிலும் பிரம்மகிரி, புஷ்பகிரி, தலக்காவேரி சரணாலயங்கள், நாகரஹொளே எல்லாம் அப்படித்தான். ராமநாதபுரா, சிருங்கேரி கோவில் படித்துறை மீன்கள் சாமி மீன்கள். மற்ற ஆறு, ஏரி, அணை எதுவானாலும் மீன்வளத் துறை உரிமமோ குத்தகைக்காரர் அனுமதியோ கேட்டுக்கொண்டு போங்கள்.

நான் போவது குடகில் சித்தாபுரம் பக்கம். அக்கா வீட்டுக்காரர் அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், ஓடை எஸ்டேட்டுக்குள் ஓடுகிறது, முதலாளியிடம் மாமா கேட்டு வைத்திருக்கிறார். மைசூர் ரோடு சாட்டிலைட் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பஸ். ராடைப் பிவிசி பைப்பில் போட்டு இரண்டு பக்கமும் மூடி வைத்துவிட்டால் மேலே எந்த மூட்டை விழுந்தாலும் கவலையில்லை, என்ன அது என்று கண்டக்டர் கேட்பார், அவ்வளவுதான்.

தென்மேற்கு மழை ஓய்ந்து, அக்டோபர் கடைசிவாக்கில் தண்ணீர் தெளியும். நவம்பர் நல்ல மாதம். டிசம்பரிலிருந்து காப்பிப் பழம் பறித்து, அதன் தோலை உரிக்கும் பல்பர் ஓட ஆரம்பித்துவிடும். அந்தக் கழிவு நீர் தப்பித் தவறி ஓடையில் இறங்கினால் மீன் மூச்சுக்கே தவிக்கும், அதனால் அந்த மாதங்களில் பல்பர் கொட்டகைக்கு மேல்பக்கம் மட்டும் போகிறேன். விடியற்காலையில் மீன் நன்றாக எடுக்கும் என்பது எல்லோரும் சொல்வது, உண்மையும்கூட. ஆனால் சித்தாபுரத்துக் காப்பித் தோட்டங்களில் யானை படுத்து எழுந்து போகிற நேரமும் அதுதான். வாட்ச்மேன் சுற்றிவிட்டு வந்து "போலாம்" என்று சொல்லும் வரை மாமா என்னைப் படியிறங்க விடமாட்டார். ஏழரை மணி ஆகிவிடும். ஆகட்டும்.

எஸ்டேட்டின் தண்ணீர்க் குட்டையில் ஜிலேபி கிடக்கிறது. ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இப்போது எங்கும் அதுதான். வீசிப் பழக அந்தக் குட்டை நல்ல இடம், பிடித்ததைத் திருப்பி விடவும் வேண்டாம். ஓடைக் கெண்டையில் ஒரு குழம்புக்கு வேண்டிய அளவு மட்டும் எடுப்பேன், முட்டையால் வயிறு உப்பியதை எடுப்பதில்லை. கெண்டைக்கு முள் ஜாஸ்தி. செதில் எடுத்தபிறகு இரண்டு பக்கமும் நெல்மணி இடைவெளியில் நடு முள் வரை குறுக்கே கீறிவிட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு பூசி அரைமணி ஊறவிட்டு, எண்ணெய் நன்றாகக் காய்ந்தபிறகு போடச் சொல்வாள் அக்கா. பொடி முள்ளெல்லாம் மொறுமொறுவென்று சேர்ந்தே போய்விடும், நடு முள்ளை மட்டும் எடுத்து வைத்தால் போதும்.