அமெரிக்காவில் பிரசவம்: விசாவிலும் குடியுரிமையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பிறக்கும் குழந்தையின் குடியுரிமை ஒரு விஷயம். தாயின் விசா வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிச் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கர்ப்பத்தைக் காரணம் காட்டி விசா மறுத்துவிடுவார்கள் என்று பயந்து நோக்கத்தை மறைப்பது முதல் தவறு. கர்ப்பமாக இருப்பது குற்றமில்லை. ஆனால் 2020 ஜனவரி விதிப்படி, குழந்தைக்குக் குடியுரிமை வாங்குவதே முதன்மை நோக்கம் என்று தூதரக அதிகாரி கருதினால் பி-2 எனும் சுற்றுலா, சிகிச்சை விசா கிடையாது. சிகிச்சைக்கென்று போனால், சிகிச்சை தர ஒப்புக்கொண்ட மருத்துவர், உத்தேசச் செலவு, அதற்கான பணம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். "சும்மா சுற்றிப் பார்க்க" என்று சொல்லிவிட்டு, விமான நிலையச் சோதனையில் பிரசவ முன்பதிவுத் தாள் பையிலிருந்து வெளியே வந்தால் கதை முடிந்தது. பொய்த் தகவல் என்று பதிவானால், விதிவிலக்கு கிடைத்தாலொழிய ஆயுளுக்கும் நுழைவுத் தடை.

அடுத்தது தேதி. விசாவில் 10 ஆண்டு என்று இருக்கலாம். தங்கும் அனுமதி ஐ-94 எனும் நுழைவுப் பதிவில் உள்ள நாள்வரைதான், வழக்கமாக 6 மாதம். பிரசவத்துக்குப் பிறகு பிறப்புச் சான்றிதழ் வர வேண்டும், அதை வைத்துக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் இருவரும் நேரில் வர வேண்டும். அப்பா ஊரில் இருந்தால் அவர் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த டிஎஸ்-3053 ஒப்புதல் படிவம் தேவை. இதைக் கடைசியில் தேடும்போதுதான் கெடு தாண்டுகிறது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அந்த விசா செல்லாது. கெடுவுக்குப் பிறகு 180 நாள் தாண்டிவிட்டு வெளியேறினால் 3 ஆண்டும், ஓராண்டைத் தொட்டால் 10 ஆண்டும் திரும்ப வர முடியாது. நீட்டிப்பு வேண்டுமென்றால் கெடுவுக்கு முன்பே அதற்கான ஐ-539 படிவத்தைப் போடுங்கள்.

பிள்ளை பிறந்தால் பெற்றோருக்குக் கிரீன் கார்டு என்பது வெறும் பேச்சு. பிள்ளைக்கு 21 வயது நிரம்பிய பிறகுதான் மனு போட முடியும். அப்போதும் அவர் அமெரிக்காவில் குடியிருக்க வேண்டும், நிர்ணயித்த வருமானமும் காட்ட வேண்டும். வெளிநாட்டிலேயே வளர்ந்த பிள்ளைக்கு இது லேசான காரியமில்லை.

அமெரிக்காவில் பிறந்தாலே குடியுரிமை உண்டா என்ற விவாதத்தைப் புரிந்துகொள்வதிலும் பிசகு நடக்கிறது. 2025 ஜனவரி 20 அன்று அந்தக் குடியுரிமையைக் கட்டுப்படுத்த அதிபர் டிரம்ப் பிறப்பித்த 14160ஆம் நிர்வாக ஆணை, சட்டவிரோதமாக வந்தவர்களையும் பிரசவச் சுற்றுலாக்காரர்களையும் மட்டும் குறிவைப்பது அல்ல. தாய் எச்-1பி வேலை விசா, மாணவர் விசா போன்றவற்றில் தற்காலிகமாக இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாவிட்டாலும் அது பொருந்தும் என்றே எழுதப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 27இல் உச்ச நீதிமன்றம் ஆணையை ஏற்றுவிட்டதாகப் பலர் சொல்வது சரியல்ல. நாடு முழுவதற்கும் தடை போடும் அதிகாரம் கீழ் நீதிமன்றங்களுக்கு உண்டா என்பதையே அது அன்று பார்த்தது. உண்மையான சண்டை, அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் சட்ட வரம்புக்குள் இருப்பவர் குடிமக்கள் என்று சொல்லும் 1868இன் 14ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தையும், சீனப் பெற்றோருக்கு அங்கே பிறந்தவரைக் குடிமகன் என்று ஏற்ற 1898இன் வாங் கிம் ஆர்க் தீர்ப்பையும் பற்றியது. வாங்கின் பெற்றோர் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள். ஆணையை ஆதரிப்போர் பிடித்துக்கொள்வது அந்த ஒரு விவரத்தைத்தான். தீர்ப்பு சொன்ன விதிவிலக்குகள் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலருக்கே என்பது எதிர்வாதம். பயணத்துக்கு முன் அன்றைய நிலவரத்தை வழக்கறிஞரிடம் கேளுங்கள், ஏஜென்டிடம் அல்ல.

வரியையும் மறக்காதீர்கள். அமெரிக்கக் குடிமகன் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் உலக வருமானம் முழுவதும் அமெரிக்க வரிச் சட்டத்துக்குள் வரும். தாத்தா பேரன் பெயரில் போட்ட டெபாசிட் உட்பட அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால், அதை அமெரிக்க அரசுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.