காலை நீட்டுவதற்கு முன்: கொழும்பு மைதானத்தில் மத்திய பின்கள வீரர் உருவாவது எப்படி

1970 உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில், மெக்சிக்கோவின் குவாதலஹாரா நகரில் இங்கிலாந்தும் பிரேசிலும் மோதின. அந்த ஆட்டத்தில் பிரேசிலின் ஜெயர்சின்ஹோவிடமிருந்து இங்கிலாந்தின் பொபி மூர் பந்தைப் பறிக்கும் சில விநாடிக் காட்சி இணையத்தில் கிடைக்கிறது. அதைப் பத்துத் தரமாவது பாருங்கள். ஜெயர்சின்ஹோ பந்தோடு முழு வேகத்தில் வருகிறார். மூர் அவர்மேல் பாயவில்லை. பின்வாங்கிக்கொண்டே வருகிறார். பெனால்டி பகுதிக்குள் வந்த பிறகுதான் கால் நீள்கிறது, பந்து மட்டும் அகப்படுகிறது. அதோடு நிற்காமல் எழுந்து பந்தைத் தானே முன்னால் கொண்டுபோகிறார். இங்கிலாந்து 1-0 எனத் தோற்ற ஆட்டம் அது. ஆனாலும் பின்களம் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு முதலில் காட்ட வேண்டியது இதைத்தான்.

எங்கள் பாடசாலை அணிகளில் வகுப்பிலேயே உயரமான பொடியனைப் பிடித்துப் பின்னால் நிறுத்தி, "பந்து வந்தா அடிச்சு விடு" என்று சொல்லிவிடுவது வழக்கம். அப்படிப் பழகியவன் பதினாறு வயது வரை தன் உடம்பை வைத்துச் சமாளிப்பான். எதிரணியிலும் அதே உயரத்தில், அதே வேகத்தில் ஆட்கள் வரும்போது அவனிடம் வேறு ஆயுதம் இருக்காது. பின்கள வீரரின் வேலையில் பெரும்பகுதி பந்து அவரிடம் வருவதற்கு முன்பே நடந்து முடிகிறது. இந்தக் கையேடு அந்தப் பகுதியைத்தான் கூடுதலாகப் பேசுகிறது.

நிற்கும் விதம்

எதிரணி வீரர் பந்தோடு உங்களை நோக்கி வருகிறார் என்று வையுங்கள். அவருக்கும் உங்களுக்கும் தூரம் அதிகமாக இருக்கும்வரை வேகமாக ஓடி நெருங்குங்கள். கடைசி 3 மீற்றரில் ஓட்டத்தை உடைத்து, சின்னச் சின்ன அடிகளாக மாற்ற வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். ஓடி வந்த வேகத்திலேயே போய் நின்றால் உடம்பின் பாரம் முன்னால் சாய்ந்திருக்கும். அவர் பந்தை ஒரு அடி பக்கவாட்டில் தட்டினாலே போதும், நீங்கள் அவரைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

நின்றதும் உடம்பு நேராக அவரைப் பார்த்திருக்கக் கூடாது. ஒரு கால் முன்னால், மற்றது பின்னால், இடுப்பு சற்றுத் திரும்பியிருக்க வேண்டும். முழங்கால் மடங்கி, பாரம் பாதத்தின் முன்பகுதியில் இருக்கட்டும். இடைவெளி 1.5 முதல் 2 மீற்றர். அதற்குள் போனால் அவர் தட்டி ஓடுவதற்குள் திரும்ப நேரம் கிடைக்காது. அதைவிடத் தள்ளி நின்றால் நிமிர்ந்து பார்த்துப் பந்தைக் கொடுக்க அவருக்கு நேரம் கிடைக்கும். பந்தையே பாருங்கள். தோளையும் இடுப்பையும் ஆட்டி ஏமாற்றலாம், பந்து ஏமாற்றாது.

எந்தக் காலை முன்னால் வைப்பது என்பதில் அவரை எந்தப் பக்கம் அனுப்புகிறீர்கள் என்ற முடிவு இருக்கிறது. வலது கால் ஆட்டக்காரரை அவருடைய இடது பக்கம் தள்ளுங்கள். மைதானத்தின் நடுவில் இருந்தால் கரைப் பக்கம் தள்ளுங்கள், கரைக்கோடும் உங்கள் அணிக்காகத் தடுக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மறிக்க முயல்பவரின் கால்களுக்கு நடுவால்தான் பந்து போகிறது.

கால் நீட்டும் தருணம் ஒன்றே ஒன்றுதான்: பந்து அவர் காலைவிட்டு அரை மீற்றருக்கு மேல் விலகும்போது. அதுவரை பின்வாங்குங்கள். பின்வாங்கும்போது கால்களைக் குறுக்கே போடாதீர்கள், நண்டு மாதிரி வழுக்கிப் போக வேண்டும். நான்கு விநாடி தாமதப்படுத்தினாலே உங்கள் அணியின் நடுக்கள வீரர் திரும்பி ஓடி வந்துவிடுவார். பந்தைப் பறிக்காத அந்த நான்கு விநாடியும் வெற்றிதான்.

இதற்கான பயிற்சிக்கு 15 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலத்தில் நான்கு மூலையிலும் கூம்பு வைத்தால் போதும். ஒருவர் பந்தோடு மறுமுனைக்குப் போக வேண்டும், மற்றவர் தடுக்க வேண்டும். முதல் இரண்டு கிழமைக்குத் தடுப்பவர் கால் நீட்டவே கூடாது என்று விதி வையுங்கள். நான்கு விநாடி தாக்குப்பிடித்தால் அவருக்கு ஒரு புள்ளி. ஒருவருக்கு ஆறு தரம், ஒவ்வொன்றுக்கும் இடையில் 40 விநாடி ஓய்வு. களைத்துப்போய்ச் செய்தால் காலைக் குறுக்கே போடும் பழக்கம்தான் படியும்.

நான்கு பேரும் ஒரே கோடு

தனி ஆளாகத் தடுக்கத் தெரிந்தவர் நான்கு பேரோடு சேர்ந்து நிற்கத் தெரியாவிட்டால் அணிக்குப் பாதிப் பயன்தான். ஆர்சனல் கழகம் 1990-91 பருவத்தில் 38 லீக் ஆட்டங்களில் 18 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்தது, ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றது. லீ டிக்சன், டொனி அடம்ஸ், ஸ்டீவ் போல்ட், நைஜல் வின்டர்பேர்ன் என்ற அந்த வரிசையில் மின்னல் வேக ஓட்டக்காரர் என்று யாரையும் சொல்ல முடியாது. அவர்கள் சேர்ந்து ஏறினார்கள், சேர்ந்து இறங்கினார்கள், அடம்ஸ் கையை உயர்த்தினால் ஓஃப்சைட் (பந்து கொடுக்கப்படும் நேரத்தில் எதிரணி ஆள் பின்கள வரிசையைத் தாண்டி நிற்பது) கொடி பின்னால் வந்தது. ஜோன் டெரி தலைமையில் செல்சி 2004-05 பருவத்தில் 15 கோல்களை மட்டும் விட்டதற்கும் வரிசையின் ஒழுங்கு முக்கிய காரணம்.

இதைப் பழக ஒரு கயிறு போதும். 24 மீற்றர் நைலோன் கயிற்றில் 8 மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். இரண்டு நுனியிலும் இரண்டு முடிச்சிலும் ஆளுக்கு ஒருவராக நால்வரும் பிடிக்கட்டும். பயிற்றுவிப்பாளர் பந்தை இடம், வலம், முன், பின் என்று மாற்றிக்கொண்டே இருக்க, நால்வரும் கயிறு தொய்யாமலும் இழுபடாமலும் நகர வேண்டும். பந்து இருக்கும் பக்கத்து ஆள் முன்னேறி நெருக்கினால் அடுத்தவர் அவருக்குப் பின்னால் சாய்வாக 4, 5 மீற்றர் இறங்கி நிற்க வேண்டும். பத்து நிமிடம் கயிற்றோடு, பிறகு பத்து நிமிடம் கயிறில்லாமல்.

எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்பதற்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. பந்து வைத்திருப்பவரை நம் ஆள் நெருக்குகிறாரா? ஆம் என்றால் ஏறலாம், அவரால் தலை நிமிர்த்திப் பின்னால் நீளமாகப் போட முடியாது. அவர் நெருக்குதல் இல்லாமல் முன்னால் பார்த்து நிற்கிறாரா? உடனே 5 மீற்றர் இறங்குங்கள். இந்த நேரத்தில் ஏறி நிற்கும் வரிசைதான் ஒரே பந்தில் உடைகிறது.

ஓஃப்சைட் பற்றி மூன்று விடயங்களை நினைவில் வைத்தால் போதும். கோல் கிக், கோர்னர், கரையிலிருந்து கையால் எறியும் பந்து, இந்த மூன்றிலிருந்து நேரடியாக வரும் பந்துக்கு ஓஃப்சைட் இல்லை. கையும் புயமும் கணக்கில் சேராது. உங்கள் ஆட்டத்தில் காணொளி நடுவர் கிடையாது, ஆகவே கையை உயர்த்திக்கொண்டு நின்றுவிடாதீர்கள். ஒரு கை மேலே இருக்கட்டும், கால் ஓடிக்கொண்டே இருக்கட்டும். விசில் கேட்டபின் நிற்கலாம்.

வாய்

கொழும்பு அணி ஒன்றில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கலந்தே கேட்கும். ஆபத்தான நேரத்தில் ஒவ்வொருவர் வாயிலும் அவரவர் மொழிதான் வரும். அதனால் பருவம் தொடங்கும் முன்பே ஐந்து சொற்களை அணி முழுவதற்கும் பொதுவாக முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே ஏற "அவுட்", நிலையில் நிற்க "ஹோல்ட்", இறங்க "ட்ரொப்", பின்னால் ஆள் வருகிறான் என்றால் "மேன் ஓன்", பந்தைத் தூர அடிக்க "அவே". சொல் எதுவானாலும் சரி, ஒரே சொல்லாக இருந்தால் போதும். யாருக்குச் சொல்கிறீர்களோ அவர் பெயர் முதலில், கட்டளை பிறகு.

ஒரு எச்சரிக்கை. எதிரணி வீரரைக் குழப்புவதற்காக "விடு, விடு" என்று கத்தினால் நடுவர் மஞ்சள் அட்டை காட்டி, எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் கொடுக்கலாம். பந்து உங்களுடையது என்றால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கோல் காப்பாளர் என்றால் "கீப்பர்".

தலையால் அடிப்பது

நெற்றியின் மேல்பகுதி, தலைமயிர் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, அதுதான் பந்து பட வேண்டிய இடம். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், நாக்கைக் கடித்துக்கொள்வது இதில் வழமையான காயம். பந்து வந்து தலையில் விழக் காத்திருக்காமல் இரண்டு மூன்று அடி ஓடிவந்து ஒற்றைக் காலில் எழும்புங்கள். கழுத்தை இறுக்கி, இடுப்பிலிருந்து முன்னால் வெட்டி அடிக்க வேண்டும். தடுப்பு ஹெடர் உயரமாகவும் தூரமாகவும் கரைப் பக்கமாகவும் போக வேண்டும். நடுவில் விழுந்தால் பெனால்டி பகுதியின் விளிம்பில் காத்திருப்பவருக்குப் பரிசு கொடுத்த மாதிரி. கைகள் சமநிலைக்கு விரியலாம், முழங்கை தோளுக்கு மேல் போனால் அட்டை வரலாம்.

இனிச் சொல்வதைப் பெற்றோரும் பயிற்றுவிப்பாளர்களும் கட்டாயம் படிக்க வேண்டும். 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு, முன்னாள் தொழில்முறை வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது பொதுமக்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகம் என்று காட்டியது. தொடர்ந்து வந்த ஆய்வில் பின்கள வீரர்களுக்கே ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. 1966 உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியின் மத்திய பின்கள வீரர் ஜக் சார்ள்டனுக்கும் முதுமையில் மறதிநோய் வந்தது. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 2020இல் ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெடர் வேண்டாம் என்றது. 2021இல், வளர்ந்த வீரர்களுக்கே நீளப் பந்து, கோர்னர் போன்ற பலமான ஹெடர்கள் பயிற்சிக் கிழமைக்குப் பத்துக்கு மேல் கூடாது என்று வழிகாட்டியது. இங்கே அதைவிடக் கூடுதலாக அடிக்க வைக்க எந்த நியாயமும் இல்லை. நுட்பத்தைக் கையால் எறியும் மெல்லிய பந்தில் பழக்குங்கள். மழையில் ஊறிய, தோல் உரிந்த பழைய பந்தில் ஹெடர் பயிற்சி வைக்கவே வேண்டாம்.

தரையும் காலணியும்

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கொழும்பு மைதானங்களின் நடுப்பகுதி சீமெந்துத் தரை போல இறுகிவிடும். அப்போது உயரப் பந்து தரையில் பட்டு உங்கள் தலைக்கு மேலால் தாண்டிப் போகும். ஆகவே இரண்டு மூன்று மீற்றர் கூடுதலாகப் பின்னால் நின்று, முடிந்தவரை பந்து தரையில் படும் முன்பே எடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழைக்குப் பிறகு நிலைமை தலைகீழ். புல் உள்ள இடத்தில் பந்து சறுக்கிக்கொண்டு வேகமாக வரும், சேற்றில் அப்படியே நின்றுவிடும். கோல் காப்பாளருக்குப் பின்னால் கொடுக்கும் பந்து பாதியில் நிற்பதால்தான் மழைக்கால கோல்கள் பல விழுகின்றன. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு பெனால்டி பகுதிகளிலும் பந்தை உருட்டியும் குதிக்க விட்டும் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும்.

இறுகிய தரைக்கு வார்ப்பு ஸ்டட் (அடிப்பாகத்துக் குமிழ்) உள்ள பூட்ஸ், ஈரத்துக்குத் திருகு ஸ்டட். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வார்ப்பு ஸ்டட். காய்ந்த தரையில் திருகு ஸ்டட் அணிந்தால் கால் பதிந்து முழங்கால் திருகும். செயற்கைப் புல்லில் சறுக்கிப் பறிக்கப் போகாதீர்கள், தொடைத் தோல் உரிந்துவிடும்.

வெயிலுக்கு: பயிற்சியைப் பின்னேரம் நாலரைக்கு முன் தொடங்க வேண்டாம். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் கோப்பை தண்ணீர். ஜீவனி (உடலில் நீர் குறைவதற்குக் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்) கரைத்தால் அதன் உறையில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரிலேயே கரையுங்கள். கெட்டியாகக் கரைத்தால் வயிறு கலங்கும்.

ஒரு கிழமை

செவ்வாய் ஒருவருக்கு ஒருவர், வியாழன் வரிசையும் கயிறும், சனி ஆட்டம். ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் ஃபிஃபா 11+ உடல் சூடேற்றல், 20 நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். அதில் தொடையின் பின்தசைக்கான பயிற்சியைத் தவிர்ப்பவர்கள்தான் பருவத்தின் நடுவில் நொண்டுகிறார்கள்.

இங்கிலாந்து ஆட்டம் பார்ப்பதும் பயிற்சிதான். அங்கே சனிக்கிழமை 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் இங்கே இரவு 8.30, கோடைகால நேரத்தில் 7.30. முதல் 20 நிமிடம் பந்தை மறந்து ஒரே ஒரு மத்திய பின்கள வீரரை மட்டும் பாருங்கள். பந்து எதிர்ப்பாதியில் இருக்கும்போது அவர் எத்தனை முறை தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணுங்கள். தொலைக்காட்சிச் சட்டகத்துக்குள் அவர் அடிக்கடி வரமாட்டார், ஆகவே முடிந்தால் கொழும்பின் ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ சுகததாச அரங்கிலோ ஒரு ஆட்டத்தை நேரில் உயரமான இருக்கையிலிருந்து பாருங்கள்.

தொழிலாகப் போவது

இங்கிலாந்தில் ஒரு பிள்ளை ஒன்பது வயதுக்கு உட்பட்ட அணியிலேயே கழகப் பயிற்சிக்கூடத்தில் பதியப்படலாம். 16இல் இரண்டு வருடப் புலமைப்பரிசில், 17இலிருந்து தொழில்முறை ஒப்பந்தம், பிறகு சிறிய கழகங்களுக்கு இரவல். செல்சிக்காக 717 ஆட்டங்கள் ஆடிய டெரியும் 2000இல் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டுக்கு இரவலாகப் போனவர். லிவர்பூலுக்காக 737 ஆட்டங்கள் ஆடிய ஜேமி கரகர் சிறுவயதில் முன்கள வீரர். மத்திய பின்களத்தில் அவர் நிலைத்தது 2004க்குப் பிறகு, இருபத்தாறு வயதில்.

பின்களம் பொறுமைக்காரரின் இடம் என்பதற்கு டான் பேர்ன் போதுமான சாட்சி. நியூகாசில் கழகம் அவரைப் பதினொரு வயதில் விடுவித்தது. கீழ்மட்ட அணிகள், டார்லிங்டன், பிறகு ஃபுல்ஹாம், விகன், பிரைட்டன் என்று சுற்றி 2022இல் அதே நியூகாசிலுக்குத் திரும்பினார். 2025 மார்ச்சில் வெம்ப்ளியில் லீக் கிண்ண இறுதியில் லிவர்பூலுக்கு எதிராகத் தலையால் கோல் அடித்தார். அதே மாதம், 32 வயதில், இங்கிலாந்து அணிக்கு முதன்முறையாக ஆடினார். ஆகவே 18 வயது அணிக்குத் தெரிவாகாத பொடியன் பூட்சைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு, புறக்கோட்டைக் கழகங்களில் பயிற்சி எந்த நேரம் என்று விசாரித்துப் போய், பந்து பொறுக்கிக் கொடுத்தாவது உள்ளே நுழையுங்கள்.

வெளிநாட்டு ஆசை காட்டி வருபவர்களிடம் மட்டும் கவனம். ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்கு உட்பட்டவரை இன்னொரு நாட்டுக் கழகம் பதிய, சில விதிவிலக்குகள் தவிர, அனுமதி இல்லை. 18க்குப் பிறகும் இங்கிலாந்தில் வெளிநாட்டு வீரருக்கான அனுமதி புள்ளிக் கணக்கில்தான் கிடைக்கிறது, அதில் தேசிய அணி ஆட்டங்களும் நாட்டின் தரவரிசையும் பெரிய பங்கு. இலங்கைக் கடவுச்சீட்டோடு நேரே போய் அங்கே ஒப்பந்தம் எடுப்பது மிகக் கடினம். "ட்ரயல்" என்று சொல்லி முற்பணம் கேட்பவரிடம் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள்: ஃபிஃபா முகவர் உரிம இலக்கம், அழைக்கும் கழகத்தின் கடிதம், பயணச் செலவை யார் ஏற்கிறார் என்பது. கடிதம் வந்தால் அதிலுள்ள தொலைபேசி இலக்கத்தை நம்பாமல், கழகத்தின் சொந்த இணையத்தளத்தில் இருக்கும் முகவரிக்கு நீங்களே எழுதி உறுதிப்படுத்துங்கள். பதில் வரும்வரை ஒரு ரூபாயும், கடவுச்சீட்டும் கைமாற வேண்டாம்.