முழு உடல் தோல் படப்பதிவு: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிஸ்பேனில் தோல் படப்பதிவுப் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களின் அருகில் அமர்ந்து அவர்களுடைய வேலையைக் கவனிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே, நான் கொண்டிருந்த அதே உறுதியோடு அவர்களும் செய்வதைக் கண்ட பிறகு இதை எழுதியாக வேண்டும் என்று தோன்றியது. படம் மங்கலாக விழுவது, வெளிச்சம் சீராக இல்லாதது, பூசிய களிம்பைத் துடைக்காமல் படமெடுப்பது ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். முதல் வாரத்திலேயே அவற்றை எல்லோரும் திருத்திக்கொள்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் உலகிலேயே மிகுதியாகக் காணப்படும் நாடுகள். ஆஸ்திரேலியாவுக்குள், பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பாதிப்பு இன்னும் அதிகம். இங்கே நாங்கள் பயன்படுத்தும் வெக்ட்ரா டபிள்யூபி360 என்ற கருவியில் 92 கேமராக்கள் உண்டு. நடுவில் நிற்பவரை அவை ஒரே கணத்தில் படம்பிடிக்க, அவருடைய தோற்பரப்பு முழுவதும் முப்பரிமாண உருவமாகத் திரையில் எழுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மச்சங்கள் உள்ள ஒருவரின் முதுகை எந்த மருத்துவராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. அதோடு, மெலனோமாக்களில் ஏறக்குறைய பத்தில் மூன்றுதான் ஏற்கெனவே இருந்த மச்சத்திலிருந்து தோன்றுகின்றன. மற்றவை மச்சமே இல்லாத தோலில் புதிதாக எழுகின்றன. ஆகவே, மாறியது எது, முன்பு இல்லாமல் இப்போது வந்திருப்பது எது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தருவதற்காகவே இந்தப் படம் எடுக்கப்படுகிறது.

கேமரா காணாத இடங்களை மறந்துவிடுதல்

முழு உடல் என்ற பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. முடி மூடிய உச்சந்தலை, தரையில் பதிந்திருக்கும் உள்ளங்கால், விரல் இடுக்குகள், உள்ளாடைக்குக் கீழுள்ள பகுதி, வாயின் உட்புறம் ஆகியவை இந்தப் படத்தில் வருவதில்லை. இவற்றை மருத்துவர் கண்ணாலும், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவியான டெர்மாஸ்கோப்பாலும் தனியே பார்க்க வேண்டும். பார்த்ததையும், பார்க்க இயலாமல் போனதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

நம்மைப் போன்ற கருநிறத் தோலினருக்கு இது மேலும் முக்கியமானது. நமக்கு மெலனோமா வருவது அரிது. ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்தின் அடியிலோ வருகிறது, வெயிலுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. பாடகர் பாப் மார்லி 1981-இல், தம் 36-ஆம் வயதில் இறந்தது கால்விரல் நகத்தடியில் தோன்றிய மெலனோமாவால்தான். காலுறையைக் கழற்றச் சொல்ல மறந்துவிட்டு, உடல் முழுவதும் பார்த்தாயிற்று என்று எழுதி அனுப்புகிறவர்களை இன்றும் காண்கிறேன்.

முந்தைய படத்தோடு மட்டும் ஒப்பிடுதல்

என்னை இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கும் பிழை இதுவே.

முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில், அறுபதைக் கடந்த ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்துகொண்டிருந்தார். இடது தோள்பட்டையின் பின்புறம் அவருக்குத் தட்டையான ஒரு பழுப்புப் புள்ளி இருந்தது. ஒவ்வொரு முறையும் அன்று எடுத்த படத்தையும் அதற்கு முந்தைய படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, 'மாற்றமில்லை' என்று பதிந்தோம். அப்படிப் பதிந்தவர்களில் நானும் ஒருவர். மூன்று முறை நான் எழுதியிருக்கிறேன். நான்கு ஆண்டுகள் கழித்து, விடுப்பில் சென்ற மருத்துவருக்குப் பதிலாக வந்தவர், "இவருடைய முதல் படம் எங்கே?" என்று கேட்டார். தேடி எடுத்துத் திரையில் வைத்தபோது அறையில் யாரும் பேசவில்லை. 4 மில்லிமீட்டராக இருந்த புள்ளி 7 மில்லிமீட்டராகியிருந்தது; ஒரு பக்க விளிம்பு கலைந்து வெளியே பரவியிருந்தது. வெட்டியெடுத்துச் சோதித்ததில் அது மெலனோமா என்று தெரிந்தது. புற்று தோலுக்குள் இறங்கியிருந்த ஆழம், அதாவது பிரெஸ்லோ தடிமன், 0.9 மில்லிமீட்டர். மேல்தோலிலேயே நிற்கும்போது கண்டிருந்தால் சற்று அகலமாக வெட்டித் தைப்பதோடு முடிந்திருக்கக்கூடிய ஒன்று, 0.8 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டதால், புற்று பரவியிருக்கிறதா என்று அறிய நிணநீர்க் கணுவைச் சோதிப்பதா என்று அவரும் அவருடைய மனைவியும் அமர்ந்து முடிவெடுக்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தது.

இது ஏன் எங்கள் கண்ணில் படவில்லை என்பதைப் புதியவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். எட்டு வருகைகளில் 3 மில்லிமீட்டர் என்றால், ஒரு வருகைக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தோளைச் சற்று முன்னே தள்ளி நின்றால் முதுகுத் தோல் இழுபட்டு மச்சம் பெரிதாகத் தெரியும். தளர்ந்து நின்றால் சிறிதாகத் தெரியும். அந்தச் சிறு வேறுபாட்டை நிற்கும் விதத்தால் வந்தது என்று ஒதுக்குவது ஒவ்வொரு முறையும் நியாயமாகவே பட்டது. ஆனால் நிற்கும் விதத்தால் வரும் வேறுபாடு ஒரு முறை கூடினால் மறுமுறை குறையும். எட்டு முறையும் ஒரே திசையில் கூடிக்கொண்டே போவது வளர்ச்சி மட்டுமே. முந்தைய படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அந்தத் திசை ஒருபோதும் தெரியாது. மெலனோமாக்களில் ஒரு பகுதி ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்பவை என்பதால், ஆறு மாத இடைவெளியை மட்டும் நம்பும் கண்ணுக்கு அவை தப்பிவிடுகின்றன.

அங்கிருந்த மென்பொருள், நோயாளியின் பெயரைத் தொட்டவுடன் இன்றைய படத்துக்குப் பக்கத்தில் முந்தைய படத்தைத்தான் திறக்கும். முதல் படம் வேண்டுமென்றால் நாமாகத் தேடிப் போக வேண்டும். நேரம் நெருக்கும் நாளில் யாரும் தேடிப் போவதில்லை. இதைவிடக் கொடுமையானது, கருவியை மாற்றும்போது நடப்பது. புதிய கருவி வந்த பிறகு பழைய கருவியில் இருந்த தட்டைப் படங்கள் பழைய கணினியிலேயே தங்கிவிடுகின்றன. புதிய கருவியில் எடுத்த முதல் படமே அந்த மனிதரின் முதல் படம் என்று பெயர் பெற்றுவிடுகிறது. எட்டு ஆண்டுகள் பொறுமையாக வந்து ஆடை களைந்து நின்றவரின் வரலாறு ஒரே நாளில் இல்லாமற்போகிறது. சென்ற மாதம்கூட ஒரு புதியவர், "பழைய படங்களின் தரம் குறைவு, அவை எதற்கு?" என்று கேட்டார். தரம் குறைந்த படத்திலும் அந்தப் புள்ளி அன்று இருந்ததா, இல்லையா என்பது தெரியும். அந்த ஒரு செய்திக்காகவே அது விலைமதிப்பற்றது.

ஆகவே, முதல் படம், முந்தைய படம், இன்றைய படம் ஆகிய மூன்றையும் ஒருசேரத் திரையில் வைத்துப் பாருங்கள். 'மாற்றமில்லை' என்று எழுதுவதை விட்டுவிட்டு, அளவை மில்லிமீட்டரில் எழுதுங்கள். வரிசையாக நிற்கும் எண்கள், உங்களுக்குப் பின் அந்த இருக்கையில் அமர்பவருக்கு உங்கள் கண் காணாததைக் காட்டும். ஊர் மாறிச் செல்லும் நோயாளியிடம் அவருடைய முதல் படத்தின் நகலைக் கொடுத்தனுப்புங்கள்.

புடைப்பைக் கண்காணிப்பில் வைத்தல்

கூடாது. மேடாக, கெட்டியாக, வளர்ந்துகொண்டிருக்கும் எதையும் மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்று அனுப்பாதீர்கள். முடிச்சு வகை மெலனோமா மாதத்துக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஆழம் இறங்கக்கூடியது.

புதிய மச்சங்களை வயதறியாமல் எடைபோடுதல்

இருபது வயதுப் பெண்ணின் உடலில் ஓராண்டில் சில புதிய மச்சங்கள் தோன்றுவது இயல்பு. கருவி அவை அனைத்தையும் வட்டமிட்டுக் காட்டும். பயந்துபோய் எல்லாவற்றையும் வெட்டச் சொன்னால் அவருக்கு மிஞ்சுவது தழும்புகளே. ஐம்பதைத் தாண்டியவரிடம் தோன்றும் ஒற்றைப் புதிய மச்சத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கருவி காட்டும் வட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். வயதைச் சேர்த்துப் படிப்பது நம்முடைய வேலை. அந்த மனிதரின் மற்ற மச்சங்களெல்லாம் ஒரே சாயலில் இருக்கும்போது ஒன்று மட்டும் இனத்தோடு சேராமல் நின்றால், அது சிறியதாக இருந்தாலும் முதலில் அதைப் பாருங்கள்.

வெயிலில் கறுத்து வந்தவரை அன்றே படமெடுத்தல்

விடுமுறையைக் கடற்கரையில் கழித்துவிட்டு வருபவரின் மச்சங்களும் நிறம் கூடியிருக்கும். முதல் படம் என்றால், சில வாரங்கள் தள்ளிப்போடுங்கள்.

நெருக்கப் படத்தை இடம் குறிக்காமல் சேமித்தல்

இடம் தெரியாத மச்சத்தின் படத்தை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது.

மதிப்பெண்ணை நம்பி, வந்தவரின் சொல்லைத் தள்ளுதல்

ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஐயத்துக்குரியது என்று மென்பொருள் ஒரு மதிப்பெண் தருகிறது. நிறமிகுந்தவற்றை வரிசையில் மேலே வைப்பதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. ஆனால் சில மெலனோமாக்களில் கருமையே இருப்பதில்லை. கொசுக்கடியோ சிறு பருவோ என்று எண்ணும்படி வெளிர்சிவப்பாக இருக்கும். ஒரு பெண்மணி தம் கெண்டைக்காலில் இருந்த அப்படியொன்றைக் காட்டி, குளித்துத் துவட்டும்போதெல்லாம் அதில் ரத்தம் கசிகிறது என்று சொன்னார். அன்று படப்பதிவு செய்த புதியவர் அதன் மதிப்பெண் மிகக் குறைவாக இருந்ததைப் பார்த்துவிட்டு, கவலை வேண்டாம் என்று சொல்லி அடுத்த பகுதிக்குப் போனார். நல்வேளையாக அந்த அம்மா விடவில்லை. மருத்துவரிடமும் அதையே சொன்னார். மருத்துவர் டெர்மாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே அதை அகற்றினார். நோயியல் அறிக்கை நிறமற்ற மெலனோமா என்று வந்தது.

இப்போது என்னிடம் பயிலும் ஒவ்வொருவரிடமும், படமெடுப்பதற்கு முன்பே, "உங்களுக்கு எதன் மேலாவது ஐயம் இருக்கிறதா?" என்று கேட்கச் சொல்கிறேன். வந்தவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, மதிப்பெண் என்னவாக இருந்தாலும் அந்த இடத்தை மருத்துவர் முதலில் பார்க்கும்படி பட்டியலின் தொடக்கத்தில் வைக்க வேண்டும்.