புதிதாகக் கட்டிய இன்ஜின்: சாவியைத் திருப்புவதற்கு முன் தண்ணீர் வேலை

அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பிரித்து, போர் போட்டு (சிலிண்டர்களைக் கடைந்து), புது பிஸ்டனும் கேம்ஷாஃப்டும் மாட்டி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பக் கை பரபரக்கும். பொறுங்கள். இந்த இன்ஜினில் கேம்ஷாஃப்டின் மேல் உரசுவது தட்டையான அடிப்பாகம் கொண்ட டேப்பெட், அதாவது கேமின் தள்ளலை வால்வு பக்கம் கடத்தும் துண்டு. கிராங்க்ஷாஃப்ட் சுழன்று வாரி இறைக்கும் ஆயில்தான் அதை நனைக்கிறது. ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காத மெதுவான ஓட்டத்தில்) அது போதாது. ஆகவே ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து ஏறக்குறைய 20 நிமிடம், நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் சூடு ஏறினால் இருதலைக் கொள்ளி எறும்புதான்: நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கேம் தேயும், நிறுத்தாவிட்டால் ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி) வளையும். தண்ணீர் வேலை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் அமைப்பின் வேலை எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிக்கச் சொல்வது இதனால்தான்.

1. பிளாக், ரேடியேட்டர்

லேத் பட்டறையிலிருந்து வந்த பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) வெளியே பளபளக்கும். தண்ணீர் ஓடும் அறைகளுக்குள் துருவும் இரும்புத் தூளும் இருக்கும். பக்கவாட்டில் இருக்கும் வடிகுழாயைக் கழற்றி, அந்தத் துளைக்குள் கம்பி விட்டுக் குத்துங்கள். மேலே ஊற்றும் தண்ணீர் அதன் வழியே தடையின்றிக் கொட்டும்வரை விடாதீர்கள். வெல்ச் பிளக்குகள் (பிளாக்கின் தண்ணீர் அறைத் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகள்) எல்லாமே புதிதாக இருக்கட்டும். ரேடியேட்டரின் வாயில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் கீழே அதே வேகத்தில் வெளியேற வேண்டும். தேங்கி நின்றால் ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்துக் கம்பி விடச் சொல்லுங்கள்.

2. தெர்மோஸ்டாட்

தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் வால்வு இது. "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று கழற்றி எறிவது பல பட்டறைகளில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் தன் சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும். அதுவரை சிலிண்டர் தேய்மானம் அதிகம்.

புதியதையும் நம்பாமல் சோதியுங்கள். அடுப்பில் பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானி. உடலில் 82 என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய 82 டிகிரி செல்சியஸில் வாய் மெல்லப் பிளக்கத் தொடங்கும். பிளக்காமல் கொதித்தால் குப்பையில் போடுங்கள். விளிம்பில் காற்றுத் துளை இல்லையென்றால் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுக்கொள்ளலாம். மாட்டும்போது மெழுகுக் குப்பி இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும்.

3. ஹோஸ், பெல்ட், ஃபேன்

ஹோஸ்களும் கிளிப்புகளும் புதியவையாக இருக்கட்டும். பெல்ட்டின் நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கலாம். ஃபேனைத் தலைகீழாக மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று ரேடியேட்டர் வழியாக இன்ஜினை நோக்கி வருகிறதா என்பதை இறக்கைகளின் சாய்வைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

4. தண்ணீர் நிரப்புதல்

நான் கட்டிய முதல் இன்ஜினில் சறுக்கியது இங்கேதான். ரேடியேட்டர் வாய்வரை நிரப்பி, மூடி, ஸ்டார்ட் செய்தேன். வெப்பம் காட்டும் முள் 70-ஐத் தாண்டவே இல்லை. பெருமையாக நின்றுகொண்டிருந்தபோது ஹெட்டிலிருந்து 'டக் டக்' என்று கொதிக்கும் சத்தம். சென்சார் இருந்த இடத்தில் தண்ணீர் இல்லை, காற்றுதான் இருந்தது. காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாததால் முள் பொய் சொல்லியது.

மூடிய தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் காற்று மாட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் தெர்மோஸ்டாட்டையும் அதன் மூடியையும் கழற்றிவிடுங்கள். மேல் ஹோஸின் ஒரு முனையை ரேடியேட்டரில் மாட்டி, மறுமுனையை நிமிர்த்திக் கட்டுங்கள். வண்டியின் மூக்கைச் சற்று உயர்த்துங்கள். ஹீட்டர் இருந்தால் அதன் குழாயைத் திறந்து வையுங்கள். தெர்மோஸ்டாட் துளை வழியாகவே மெதுவாக ஊற்றுங்கள். விளிம்புக்கு வந்ததும் தெர்மோஸ்டாட், கேஸ்கட், மூடி, ஹோஸ் எல்லாம் மாட்டி, மீதியை ரேடியேட்டர் வாயில் ஊற்றுங்கள். ஹோஸைக் கையால் பிசைந்தால் குமிழிகள் வரும். அவை நிற்கும்வரை பிசையுங்கள்.

ஊற்றுவதை லிட்டர் கணக்கில் அளந்துகொள்ளுங்கள். கையேட்டில் சொன்ன அளவைவிட ஒரு லிட்டர் குறைவாக இறங்கியிருந்தால், உள்ளே ஒரு லிட்டர் காற்று இருக்கிறது.

எந்தத் தண்ணீர்? முதல் ஓட்டத்துக்கு நான் ஊற்றுவது வெறும் காய்ச்சி வடித்த நீர். கூலண்ட் (உறைதலையும் துருவையும் தடுக்கத் தண்ணீரில் கலக்கும் திரவம்) ஆயிலில் கலந்தால் பேரிங்குக்கு நஞ்சு. எங்காவது கசிந்தால் தண்ணீரின் சேதம் குறைவு. போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. உறைபனி விழும் ஊட்டியில் இருப்பவர்கள் வெறும் தண்ணீரோடு வண்டியை இரவில் விட வேண்டாம்.

5. அழுத்தச் சோதனை

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கை பம்ப் சோதனைக் கருவியை ரேடியேட்டர் வாயில் பொருத்துங்கள். ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டுமே ஏற்றுங்கள். மூடியில் 7 பவுண்ட் (சதுர அங்குலத்துக்கு) என்றிருக்க 15 ஏற்றினால் பழைய பித்தளை ரேடியேட்டரின் பற்றவைப்பு விட்டுவிடும். கால் மணி நேரம் முள் அசையக் கூடாது. அசைந்தால் ஹோஸ் முனைகள், வெல்ச் பிளக், வாட்டர் பம்ப் எனத் தேடுங்கள். வெளியே ஈரமே இல்லையா? ஸ்பார்க் பிளக் துளைகளுக்கு எதிரே முகத்தை வைக்காமல் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். தண்ணீர் பீய்ச்சினால் ஹெட் கேஸ்கட்டில் கோளாறு. பிறகு சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) போல்ட்டைச் சிறிது தளர்த்துங்கள். ஆயிலில் தண்ணீர் இருந்தால் அடியில் தங்கி, முதலில் அதுதான் சொட்டும்.

6. முதல் ஓட்டம்

நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது. கல்யாண மண்டபத்தில் வைக்கும் பெரிய மின்விசிறி ஒன்றை ரேடியேட்டருக்கு எதிரே வையுங்கள். ஸ்டார்ட் ஆனதும் மேல் ஹோஸில் கவனம் இருக்கட்டும்: சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் சட்டென்று சுடும். இன்ஜின் சூடாகியும் ஹோஸ் சுடவில்லை என்றால் முள் என்ன சொன்னாலும் நிறுத்திவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

நன்றாக ஆறிய பிறகு பிளாக், ரேடியேட்டர் இரண்டின் வடிகுழாய்களையும் திறந்து, தண்ணீரை வெள்ளை வாளியில் பிடியுங்கள். அடியில் துருவும் மணலும் படிந்திருந்தால் இன்னொரு முறை அலசுங்கள். தெளிந்ததும் கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து, முன்பு சொன்ன அதே வரிசையில் நிரப்புங்கள். ஒரு சிறு ஓட்டம் முடித்து, மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதை நிரப்பிவிடுங்கள். மூன்றாம் நாளும் இறங்கினால் மறுபடியும் கை பம்பை எடுங்கள்.